மாதேரானில் குதிரையா, நடையா?

மும்பையிலிருந்து மாதேரான் என்ற மலைவாசத்தலத்துக்குப் போனால் தஸ்தூரி நாக்கா என்ற இடத்தோடு கார் நின்றுவிடும். அங்கிருந்து சந்தைக்கு இரண்டரை கிலோமீட்டர் போல இருக்கும். குட்டி ரயில், இ-ரிக்‌ஷா, குதிரை, நடை என்று நான்கு வழிகள். நாங்கள் அம்மாவை அமன் லாட்ஜ் நிலையத்தில் ரயில் ஏற்றிவிட்டு நடந்தோம். மேலே மலை விளிம்பில் இருக்கும் காட்சி முனைகளைப் பார்க்கவும் நடந்தேதான் போனோம். இனி எப்போது போனாலும் இப்படித்தான் போவேன்.

முதியவர்களுக்கு அந்த ஷட்டில் ரயிலைவிடச் சுகமான வழி கிடையாது. இ-ரிக்‌ஷாவில் நான் ஏறியதில்லை. உச்ச நீதிமன்ற அனுமதியோடு 2022-ல் சோதனையாக வந்தது. மனிதனை மனிதன் இழுக்கும் கைரிக்‌ஷாவை ஒழிக்கும்படி 2025-ல் அதே நீதிமன்றம் சொன்ன பிறகு, இ-ரிக்‌ஷாவைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் எக்கோ, லூயிசா, பனோரமா முனைகளுக்குக் காட்டுக்குள் போகும் செம்மண் பாதைகளில் போட்டி குதிரைக்கும் நம் காலுக்கும்தான். குதிரை புகை விடாது, சத்தம் போடாது. அதன் சாணம் வழியெங்கும் கிடக்கும், காய்ந்தால் புழுதியோடு பறக்கும்; போகிற எவருக்கும் தெரிவதுதான். நான் பார்ப்பது மண்ணை.

குதிரையோடு ஏறிய ஆளையும் சேர்த்தால் முந்நூறு, நானூறு கிலோ பாரம். அது லாடம் அடித்த சின்னக் குளம்புகளில் இறங்குகிறது, நடக்கும்போது நான்கும் தரையில் இருப்பதுமில்லை. ஏற்றத்தில் பின்னங்கால் மண்ணைக் கிண்டி உந்தும், இறக்கத்தில் முன்னங்கால் சறுக்கிக்கொண்டே கீறும். நம் கால் மண்ணை அமுக்கத்தான் செய்யும். குளம்பு அமுக்கிவிட்டுக் கிளறியும் போடும். அமெரிக்காவின் மொன்டானாவில் மனிதர், லாமா (ஒட்டக இனத்துச் சுமை விலங்கு), குதிரை மூன்றையும் காட்டுப் பாதைகளில் நடக்கவிட்டு அளந்த ஆய்வு ஒன்று 1998-ல் வெளியானது. அதிக மண்ணைப் பெயர்த்தது குதிரைதான்; லாமா ஏறக்குறைய மனிதரைப் போலத்தான்.

கோடையெல்லாம் பெயர்ந்து கிடக்கும் மண்ணை ஜூன் மழை அடித்துக்கொண்டு போகும். பாதை நடுவே வாய்க்கால் விழும். அடுத்து வரும் குதிரை வாய்க்காலை விட்டு ஓரத்தில் ஏறும், பாதை அகலும், வேர் வெளியே வரும். 2003-லேயே சுற்றுச்சூழல் உணர்திறன் மண்டலமாக அறிவித்த மலை இது. மோட்டார் வண்டிக்குத் தடை. போன மண்ணை லாரியில் கொண்டுவந்து கொட்டவும் வழியில்லை.

கல் பதித்தால் தீராதா? கல்லில் லாடம் வழுக்குகிறது என்று குதிரைக்காரர்களே எதிர்த்தார்கள். 2025 தீர்ப்பும் தஸ்தூரி நாக்காவிலிருந்து சிவாஜி சிலை வரைக்கும்தான் கல் பதிக்க விட்டது. உள்பாதைகள் மண்பாதைகளாகவேதான் இருக்கப்போகின்றன. அந்த மண்ணை யார் குறைவாகக் கிளறுகிறார்கள் என்பதே கணக்கு.

மழைக்காலத்தில் நான் அங்கே போனதில்லை. மழை விட்டுப்போன வாய்க்கால்களைத்தான் பார்த்தேன். அதில் குதிரைக்கு எவ்வளவு பங்கு, வார இறுதிக் கூட்டத்துக்கு எவ்வளவு என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நடப்பவர்களும் வளைவைச் சுற்றாமல் குறுக்கே இறங்கினால் சரிவு அறுந்துதான் போகும்.

400-க்கும் மேற்பட்ட உரிமக் குதிரைகளை நம்பிக் குடும்பங்கள் இருக்கின்றன. அதனால் குதிரையே கூடாது என்று சொல்ல மாட்டேன். ஏறுவதானால் சரிவு குறைந்த முனையாகக் கேளுங்கள். ஓட்டாமல் நடத்திப் போகச் சொல்லுங்கள், ஓரம் ஏறாமல் பாதைக்குள்ளேயே போகச் சொல்லுங்கள். ஈரம் காயாத நாளில் மட்டும் வேண்டவே வேண்டாம்.