கஞ்சா கார்டு தேடுறவங்களுக்கு: அம்மாவைக் கூட்டிட்டுப் போற வலி கிளினிக் பத்தி

சிங்கப்பூர்ல மெடிக்கல் மரிஹுவானா கார்டு, அதாவது வைத்தியத்துக்கு கஞ்சா வாங்க அனுமதிக்கற அட்டை, எப்படி எடுக்கறதுன்னு தேடுறவங்க பெரும்பாலும் வீட்ல யாரோ வலியில துடிக்கறதப் பாக்க முடியாமதான் தேடுறாங்க, நானும் அப்படித்தான் தேடினேன். இங்க அப்படி ஒரு கார்டே கிடையாது. அதனால நான் ரிவியூ எழுதறது கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில இருக்கற வலி கிளினிக் பத்தி, அம்மா இப்போ அங்கதான் வைத்தியம் பாக்கறாங்க.

அம்மாவுக்கு அக்கி வந்துச்சு, கொப்புளமெல்லாம் காஞ்சு போச்சு ஆனா விலா பக்கம் நரம்பு வலி மட்டும் போகவே இல்ல. ரவிக்கை துணி பட்டாக்கூட நெருப்பா எரியுதும்பாங்க, ராத்திரி தூக்கமே கிடையாது.

அமெரிக்காவுல ஃப்ளோரிடா மாநிலத்துல இருக்கற பெரியப்பா மகள் அக்காதான் கார்டு பத்தி சொன்னாங்க. அவங்களுக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ்ங்கற நரம்பு நோய், அது அந்த ஊர் சட்டத்துல இருக்கற நோய்ப் பட்டியல்லயே வருது. அங்க இதுக்குன்னு தகுதி வாங்கின டாக்டரை முதல் தடவை நேர்லயே பாக்கணும், அவர் மாநிலத்தோட நோயாளிப் பதிவேட்டுல பேரைப் போட்டப்புறம் மாநிலத்துக்கு 75 டாலர் கட்டி விண்ணப்பிக்கணும், கார்டை வருஷா வருஷம் புதுப்பிக்கணும், டாக்டர் சான்றிதழ் 210 நாள்தான் செல்லும். அக்காவுக்கு கால் இறுக்கம் கொஞ்சம் குறைஞ்சிருக்கு, எனக்கு உண்மையாவே சந்தோஷம். ஆனா அந்த கார்டு அந்த ஊரோட சரி.

இங்க சிங்கப்பூர்ல கஞ்சா போதைப்பொருள் சட்டத்துல ஏ பிரிவு, அதாவது ரொம்பக் கடுமையான பிரிவு. உட்கொண்டா 10 வருஷம் வரைக்கும் ஜெயில், 20,000 சிங்கப்பூர் வெள்ளி வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டுமே. 500 கிராமுக்கு மேல கடத்தினா மரண தண்டனை. சிட்டிசனோ பிஆரோ (நிரந்தரவாசி) வெளிநாட்டுல போய் எடுத்தாலும் இங்க குற்றம்தான், பாங்காக் கடையில வாங்கிச் சாப்பிட்டுட்டு வரலாம்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, எண்ணெய், மிட்டாய்னு எந்த ரூபத்துலயும் பையில வெச்சுக் கொண்டு வராதீங்க. எந்த மருந்துக்கும் அடங்காத வலிப்பு நோய் மாதிரி ரொம்ப அரிதான கேஸ்ல, ஸ்பெஷலிஸ்ட் விண்ணப்பிச்சு சுகாதார அறிவியல் ஆணையம் பரிசீலிச்சு கஞ்சாவுல இருந்து எடுத்த மருந்தை அனுமதிச்சிருக்காங்க. அது டாக்டர் கையில இருக்கற விஷயம், நாம அப்ளை பண்ற கார்டு இல்ல.

சரி, கிளினிக். பாலிகிளினிக்ல (கவர்மெண்ட் பொது கிளினிக்), இல்லன்னா சாஸ்ங்கற கவர்மெண்ட் உதவித் திட்டத்துல சேந்த தனியார் டாக்டர்கிட்ட ரெஃபரல் லெட்டர் வாங்கிட்டுப் போங்க, அப்பதான் சப்சிடி கட்டணம். அப்பாயின்மெண்ட் கிடைக்க ரொம்ப நாள் ஆச்சு, இதுதான் என்னோட பெரிய குறை. ராத்திரி பூரா வலியில உக்காந்திருக்கற வயசானவங்களுக்கு அந்தக் காத்திருப்பு ரொம்பக் கொடுமை. நடுவுல வலி கூடினா பாலிகிளினிக்குக்கே திரும்பப் போய் சொல்லுங்க, சும்மா பொறுத்துட்டு இருக்க வேணாம்.

உள்ள போனப்புறம் டாக்டர் அவசரமே படல. பஞ்சால லேசா தடவி எங்க எரியுது எங்க மரத்துப் போச்சுன்னு தோல்லயே கோடு போட்டுப் பாத்தாங்க. வலிக்கு பூஜ்யத்துல இருந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்கன்னா அம்மாவுக்கு சொல்ல வரல, எறும்பு கடிக்குது, கரண்ட் அடிக்குது, சுடுதண்ணி ஊத்தின மாதிரி இருக்குன்னாங்க, தமிழ் தெரிஞ்ச நர்ஸ் ஒருத்தங்க அதை அப்படியே டாக்டருக்கு எடுத்துச் சொன்னாங்க. அந்தப் பொண்ணுக்கு கோடி புண்ணியம். அம்மா சொன்ன அந்த மாதிரி வார்த்தையெல்லாம் நரம்பு வலிக்கு முக்கியமான அடையாளமாம், அதனால உங்க வீட்டுப் பெரியவங்க சொல்றத சுருக்கி 'ரொம்ப வலிக்குது'ன்னு மட்டும் மொழிபெயர்க்காதீங்க.

கஞ்சா பத்தி நான் நேராவே கேட்டேன். டாக்டர் மூஞ்சி சுளிக்கல, இங்க கொடுக்க முடியாதுன்னு சொல்லிட்டு, சர்வதேச வலி ஆய்வுச் சங்கமே 2021-ல வலிக்கு கஞ்சா மருந்துகளை பொதுவா ஆதரிக்கற அளவுக்கு ஆதாரம் இல்லன்னு சொல்லியிருக்குன்னு விளக்கினாங்க. அப்பதான் என் மனசு கொஞ்சம் ஆறுச்சு, அம்மாவுக்கு கிடைக்க வேண்டிய ஒண்ண நாம கொடுக்காம விட்டுட்டோமோன்னு அதுவரைக்கும் உறுத்திட்டே இருந்துச்சு.

கொடுத்தது பிரிகாபலின்ங்கற நரம்பு வலி மாத்திரை, ராத்திரி கொஞ்சமா ஆரம்பிச்சு மெதுவா ஏத்தினாங்க, கூடவே தோலை மரத்துப் போக வெக்கற லிடோகெய்ன் பட்டை, 12 மணி நேரம் ஒட்டி 12 மணி நேரம் எடுத்துடணும். ஆரம்பத்துல தலை சுத்தல் நெறைய இருந்துச்சு, பாத்ரூம் போறப்போ யாராவது கூடப் போங்க, மாத்திரைய நீங்களா திடீர்னு நிறுத்திடாதீங்க. பிஸியோ பொண்ணு சொல்லிக் கொடுத்த மூச்சுப் பயிற்சியும், பஞ்சு அப்புறம் துண்டுன்னு படிப்படியா தோலைத் தொட்டுப் பழக்கறதும் இவ்ளோ உதவும்னு நான் நெனைக்கவே இல்ல. வலி முழுசா போகல, ஆனா அம்மா தூங்கறாங்க, வெள்ளிக்கிழமை தேக்கா மார்க்கெட்டுக்கு வர்றாங்க.

அஞ்சுக்கு நாலு ஸ்டார், ஒண்ணு குறைச்சது அந்தக் காத்திருப்புக்கு. அப்புறம் 60 வயசும் அதுக்கு மேலயும் ஆன சிட்டிசன்களுக்கு அக்கி தடுப்பூசிக்கு 2025 செப்டம்பர்ல இருந்து சப்சிடி உண்டு, ரெண்டு டோஸ் போடணும். அப்பாவுக்கு முதல் டோஸ் போட்டாச்சு, ரெண்டாவதுக்கு தேதியும் வாங்கியாச்சு.