கல்விக் கடனா, நகைக் கடனா?

தாராவியில் எங்கள் சந்தில் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால், அன்று மாலையே அம்மாவின் வளையல் அடகுக்குப் போய்விடும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். வளையல் கழலாமல் அம்மா கையில் சோப்பு நுரை தடவி இழுத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

நகைக் கடனில் பணம் அன்றே கைக்கு வரும், மார்க் ஷீட் யாரும் கேட்க மாட்டார்கள். சரி, ஆனால் பெரும்பாலும் ஒரு வருடத்தில் திருப்ப வேண்டும், இல்லையென்றால் வட்டி கட்டி மறு அடகு. படிப்போ மூன்று, நான்கு வருடம். தவறினால் நகை ஏலத்துக்குப் போகும்.

கல்விக் கடனுக்கு அலைச்சல் அதிகம். சேர்க்கைக் கடிதம், கட்டண விவரம், வருமானச் சான்று எல்லாம் வேண்டும், அப்பாவோ அம்மாவோ கூடவே கையெழுத்துப் போட வேண்டும். ஆனால் வங்கிகள் பொதுவாகப் பின்பற்றும் மாதிரிக் கல்விக் கடன் திட்டப்படி 7.5 லட்சம் வரை அடமானம் தேவையில்லை. தவணை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் தொடங்கும். வட்டி மட்டும் அதுவரை ஏறிக்கொண்டிருக்கும். 2024-இல் வந்த மத்திய அரசின் பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருந்து, அந்தத் திட்டத்தின் பட்டியலில் உள்ள கல்லூரியில் சேர்ந்தால், 10 லட்சம் வரையிலான கடனுக்கு 3% வட்டி மானியத்துக்கும் விண்ணப்பிக்கலாம்.

நாளைக்கே கட்டணம் கட்ட வேண்டுமென்றால் ஒரு சின்ன நகையை வையுங்கள். மற்றதற்குக் கல்விக் கடன்தான். அதில் விடுதி, புத்தகம், லேப்டாப் செலவையும் சேர்த்துக் கேளுங்கள். கட்டணத்தை மட்டும் எழுதிக் கொடுத்தவர்கள் இரண்டாம் வருடமே அடகுக் கடையில் நிற்பதைப் பார்த்திருக்கிறேன்.