பெர்சியன் பூனைக்குட்டி எடுத்த ப்ரீடர் பத்தி, மூணு மாசம் கழிச்சு ஒரு ரிவ்யூ

எங்க பூனைக்குட்டி பஞ்சு வீட்டுக்கு வந்து மூணு மாசம் ஆச்சு. வந்த வாரமே ரிவ்யூ போடுங்கன்னு ப்ரீடர், அதாவது பூனை வளத்து குட்டி விக்கிறவங்க, கேட்டாங்க, நான்தான் கொஞ்ச நாள் போகட்டும்னு சொன்னேன். ஏன்னா குட்டி அழகா இருக்குறத வச்சு ப்ரீடர எடை போட முடியாதுங்க, அது புது வீட்டுல சாப்ட்டு தூங்கி பயம் தெளிஞ்சு நம்ம கால்ல வந்து உரசுறப்பதான் அவங்க எப்படி வளத்திருக்காங்கன்னே தெரியும்.

எனக்கு மொதல்ல பிடிக்காம போனதும் இப்ப ரொம்ப பிடிச்சதும் ஒரே விஷயம்தான். 8 வாரத்துலயே குட்டிய குடுங்கன்னு கேட்டேன், முடியவே முடியாது, 12 வாரம் ஆகாம தாய விட்டு பிரிக்க மாட்டேன்னுட்டாங்க. அப்ப கடுப்பா இருந்துச்சு. ஆனா எவ்வளவு அழுத்தி கடிச்சா வலிக்கும், எப்ப நகத்த உள்ள இழுக்கணும்னு குட்டிங்க கத்துக்குறதே தாய்கிட்டயும் கூடப் பிறந்ததுங்ககிட்டயும்தான். அதோட 2லேந்து 7 வாரத்துக்குள்ள மனுஷங்க கை பட்டு வளந்தாதான் பின்னாடி மனுஷங்கள பாத்து மிரளாது. இவங்க குட்டிங்கள கூண்டுல போடாம ஹால்லயே வளக்குறாங்க, டிவி ஓடும், மிக்ஸி ஓடும், பசங்க ஓடுவாங்க. எங்க வீட்டுல மொத தடவ வேக்கம் க்ளீனர் போட்டப்ப இவன் காத மட்டும் திருப்பி பாத்துட்டு திரும்ப தூங்கிட்டான், அன்னிக்கு அவங்கள மனசார வாழ்த்துனேன்.

இப்ப குறைக்கு வரேன், இதுதான் முக்கியம். பெர்சியன்ல பிகேடின்னு ஒரு பரம்பர கிட்னி நோய் இருக்கு. பிறக்குறப்பவே கிட்னில சின்ன சின்ன நீர்க்கட்டி இருக்கும், வயசு ஆக ஆக அது பெருசாகி கடைசில கிட்னியவே கெடுத்துடும். தாய் தகப்பன் ரெண்டுல ஒண்ணுகிட்ட அந்த ஜீன் ஒரு காப்பி இருந்தாலே ஒவ்வொரு குட்டிக்கும் வர்றதுக்கு பாதிக்கு பாதி வாய்ப்பு. டிஎன்ஏ டெஸ்ட்ல தெளிவா தெரிஞ்சிடும். தாயோட ரிப்போர்ட்ட நான் கேக்காமலே காமிச்சாங்க, அதுல இருந்த மைக்ரோசிப் (பூனையோட தோலுக்கு அடியில வைக்கிற அடையாள சிப்) நம்பரையும் ஸ்கேனர்ல பூனைய ஸ்கேன் பண்ணி ஒத்துப் பாக்க விட்டாங்க, அந்த 15 இலக்கமும் சரியா இருந்துச்சு. ஆனா தகப்பன் வேற ஒருத்தரோட பூனையாம், அதோட ரிப்போர்ட் இதோ வரும் இதோ வரும்னு மூணு வாரம் இழுத்தாங்க. அது கைக்கு வந்து நெகட்டிவ்னு பாத்த அப்புறம்தான் மீதி பணம் குடுத்தேன். யாரா இருந்தாலும் இத விட்டுக் குடுக்காதீங்க, பெடிக்ரீ சர்டிபிகேட் வம்சத்தத்தான் சொல்லும், ஆரோக்கியத்த சொல்லாது.

குட்டிய குடுத்து அனுப்புன விதம் அருமை. தாய் படுத்திருந்த ஒரு போர்வை, அங்க யூஸ் பண்ணிட்டு இருந்த லிட்டர்லேந்து (பூனை கக்கூஸ் போற மண்ணு) கொஞ்சம், சாப்ட்டுட்டு இருந்த அதே உணவு எல்லாம் ஒரு பையில போட்டு குடுத்தாங்க. வீடு பூரா தெறந்து விடாதீங்க, ஒரே ரூம், லிட்டர் ஒரு மூலைல, சாப்பாடு அதுக்கு எதிர் மூலைலன்னு சொன்னாங்க. கட்டிலுக்கு அடிய அடைச்சு வைங்கன்னு மட்டும் சொல்ல மறந்துட்டாங்க போல. பஞ்சு கேரியர்லேந்து எறங்குனதும் நேரா கட்டிலுக்கு அடியில போய் சுவரோட ஒட்டி உக்காந்துட்டான், ஒளிஞ்சுக்க ஒரு அட்டப்பெட்டி இருந்திருந்தா கைக்கு எட்டுற தூரத்துலயாவது இருந்திருப்பான்.

அன்னிக்கு முழுக்க ஒரு வாய் கூட சாப்புடல. ராத்திரி 11 மணிக்கு அழுகாத குறையா மெசேஜ் பண்ணேன், ரெண்டு நிமிஷத்துல போன் வந்துச்சு. இழுத்து வெளிய எடுக்காதீங்க, லைட்ட அணைச்சுட்டு தரைல உக்காந்து எதையாவது மெதுவா வாய்விட்டு படிங்க, வெட் ஃபுட்ட லேசா வெதுவெதுப்பா ஆக்கி வைங்க, வாசன நல்லா வரும், அப்படியும் 24 மணி நேரம் சாப்புடலன்னா யோசிக்காம டாக்டர்கிட்ட தூக்கிட்டு போயிடுங்கன்னாங்க. நான் இருட்டுல உக்காந்து படிச்சுட்டே இருந்தேன். 2 மணி இருக்கும், தட்டு பக்கம் நக்குற சத்தம் கேட்டுச்சு, அசையாம மூச்ச பிடிச்சுட்டு கேட்டுட்டு இருந்தேன், அந்த சத்தத்த இன்னிக்கும் மறக்க முடியல.

ரெண்டு நாள்ல செட் ஆயிடும்னு அவங்க சொன்னது மட்டும் சரியில்ல. பஞ்சு தானா ரூம் வாசல தாண்டி வர 10 நாள் ஆச்சு. அத முன்னாடியே சொல்லியிருந்தா நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். குடுத்து விட்ட உணவும் மூணு நாளைக்குத்தான் வந்துச்சு, அது தீந்ததும் வேற பிராண்ட ஒரேயடியா மாத்தி வச்சேன், வயித்தால போக ஆரம்பிச்சிடுச்சு. பழசுல புதுச கொஞ்சம் கொஞ்சமா கலந்து 7லேந்து 10 நாள்ல மாத்தணும்னு டாக்டர் சொல்லித்தான் தெரிஞ்சுது, அந்த அளவுக்கு உணவு குடுத்து விட்டிருக்கணும்.

அவங்க குடுத்த பராமரிப்பு தாள்ல லில்லி பூ பத்தி ஒரு வரி கூட இல்ல, இதுக்கு எனக்கு நெஜமாவே கோவம். எங்க வீட்டு ஜாடில லில்லி இருந்துச்சு, தடுப்பூசிக்கு போனப்ப பேச்சுவாக்குல சொன்னதும் டாக்டர் பதறிட்டாரு, அதோட மகரந்தம் ரோமத்துல பட்டு நக்குனாலே பூனைக்கு கிட்னி போயிடுமாம். வந்த உடனே எடுத்து வெளிய போட்டாச்சு. தட்ட மூஞ்சிங்குறதால கண்ணுலேந்து தண்ணி வழிஞ்சுட்டே இருக்கும், தெனமும் ஈரப் பஞ்சால தொடைக்கணும், இதையும் டாக்டர்தான் காமிச்சாரு. சீப்பு போடுறத மட்டும் ப்ரீடர் நல்லா பழக்கி விட்டிருக்காங்க, காதுக்குப் பின்னாடி, கைக்கு அடியில எல்லாம் வாரினாலும் அப்படியே மல்லாந்து படுத்துக்குறான்.

ஒப்பந்தத்துல ஒரு வரி இருக்கு, எந்த வயசுல எந்த காரணத்தால வளக்க முடியாம போனாலும் குட்டி அவங்ககிட்டயேதான் திரும்ப வரணும், வேற யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு. அஞ்சுக்கு நாலு ஸ்டார் குடுக்குறேன். ரெண்டாவது குட்டி எடுத்தாலும் இவங்ககிட்டதான் எடுப்பேன், தகப்பனோட ரிப்போர்ட்ட மொத நாளே கேட்டு வாங்கிட்டு.