"புது எஸ்எஸ்டி" என்று போட்டுத் தந்தது 11,412 மணி நேரம் ஓடிய பழையது: விண்டோஸ் ஏறாத கம்ப்யூட்டரை சர்வீஸுக்குக் கொடுக்கும் முன் படியுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. டெஸ்க்டாப்பில் விண்டோஸ் பாதியில் நின்று, "சரி, எங்கேயாவது கொடுத்துப் பார்ப்போம்" என்ற மனநிலையில் யாராவது இருந்தால், கேபிளைக் கழற்றுவதற்கு முன் பத்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

என்னுடையது ஆறு வருடமாக ஓடும் கம்ப்யூட்டர். ஓஎஸ் (அதாவது விண்டோஸ்) இருந்தது ஒரு எஸ்எஸ்டியில், சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்கில். படங்கள், ஆவணங்கள் எல்லாம் தனியாக 1 டிபி ஹார்ட் டிஸ்க்கில். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் 11-க்கு மாற முடிவு செய்தேன். மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் முதலில் ஓடும் அமைப்பில்) விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்பு அம்சங்களான டிபிஎம், செக்யூர் பூட் இரண்டையும் ஆன் செய்து, பழையதை அழித்துவிட்டுப் புதிதாகவே ஏற்ற ஆரம்பித்தேன்.

38 சதவீதத்தில் நின்றது. தேவையான கோப்புகளை நிறுவ முடியவில்லை, கோப்பு சிதைந்திருக்கலாம் அல்லது இல்லாமல் இருக்கலாம் என்று ஒரு செய்தி. கூடவே 80070570 என்று முடியும் ஒரு பிழை எண். மறுபடி முதலிலிருந்து ஏற்றினேன், 71-இல் நின்றது. மூன்றாவது முறை 12. பென்டிரைவை மாற்றி, கோப்பையும் புதிதாக இறக்கி ஏற்றினேன், 54. அதற்கு மேல் முடியாமல் சர்வீஸுக்குக் கொடுத்தேன்.

இந்த நான்கு எண்களையும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அவை ஒவ்வொரு முறையும் மாறியதில்தான் விடை இருந்தது. அன்று அது எனக்குத் தெரியவில்லை, சர்வீஸ் செய்தவரும் அதைக் கேட்கவில்லை. தாளை நீட்டியபோது, "அதெல்லாம் வேணாம் சார், நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லிவிட்டு கேபினெட்டை உள்ளே கொண்டு போனார். பெயரை இங்கே எழுதப் போவதில்லை. எனக்கு நடந்த விதம் தெரிந்தால் போதும், வேறு எங்கு கொடுத்தாலும் அடையாளம் கண்டுகொள்வீர்கள்.

மூன்றாம் நாள் போன் வந்தது. "உங்க எஸ்எஸ்டி போயிடுச்சு சார். எழுதவே விடமாட்டேங்குது. புதுசு போட்டாத்தான் விண்டோஸ் ஏறும்." எனக்கு அவசரம், சரி என்றேன். பழைய எஸ்எஸ்டியைத் திருப்பித் தாருங்கள் என்றதற்கு, "செத்துப்போனதை வெச்சு என்ன சார் பண்ணுவீங்க?" என்று கேட்டார். நானும் விட்டுவிட்டேன். இந்த ஒரு விஷயத்தில் விடாப்பிடியாக நின்றிருக்க வேண்டும். கழற்றிய பாகம் நம்முடையது. அது கைக்கு வந்தால்தான் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்று சோதிக்க முடியும். தவிர, அதில் இருப்பது நம் தரவு.

கம்ப்யூட்டர் திரும்பி வந்தது. விண்டோஸ் 11 ப்ரோ, எல்லாம் வேலை செய்தது. பில்லில் "எஸ்எஸ்டி புதியது, ஓஎஸ், சர்வீஸ்" என்று கையால் எழுதிய மூன்று வரி. மாடல் இல்லை, சீரியல் எண் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டு எடுத்து வந்தேன்.

அன்றிரவு ஹார்ட் டிஸ்க்கைத் திறந்தேன். உள்ளே என் ஃபோல்டர் ஒன்றுகூட இல்லை. பாதி நிரம்பிய ஒரு விண்டோஸ் ஃபோல்டர் மட்டும் கிடந்தது. டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பார்த்தால், என் ஒரே பெரிய பார்ட்டிஷன் இருந்த இடத்தில் 100 எம்பி அளவில் ஒரு இஎஃப்ஐ பகுதியும் (விண்டோஸைத் துவக்கும் கோப்புகளுக்கான இடம்) மீதியில் இன்னொரு பார்ட்டிஷனும் புதிதாக உருவாகியிருந்தன. விண்டோஸ் நிறுவும்போது அதுவாகவே போட்டுக்கொள்ளும் அமைப்பு அது. அதாவது என் எஸ்எஸ்டியில் ஏறவில்லை என்றதும், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், படங்கள் இருந்த டிஸ்க்கைக் காலி செய்து அதில் ஏற்றிப் பார்த்திருக்கிறார். அதிலும் பாதியில் நின்றிருக்கிறது.

இரண்டு டிஸ்க்கிலும் ஏறவில்லை என்றால் பழுது டிஸ்க்கில் இருக்க வாய்ப்பு குறைவு. இதைத் தொழிலாகச் செய்பவருக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்திருக்க வேண்டும். ஆனாலும் எஸ்எஸ்டி போய்விட்டது என்றுதான் போனில் சொன்னார்.

நான்காம் நாள் நீலத் திரை வந்தது. "மெமரி மேனேஜ்மென்ட்" என்று காரணம் காட்டியது. அடுத்த நாள் இரண்டு முறை. அப்புறம்தான் நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்க்கத் தொடங்கினேன்.

முதலில் அந்தப் "புது" எஸ்எஸ்டி. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்தால், டிஸ்க் தன்னைப் பற்றித் தானே குறித்து வைத்திருக்கும் கணக்கைக் காட்டும். வலது மேல் மூலையில் இரண்டு எண்கள்: எத்தனை முறை ஆன் ஆனது, மொத்தம் எத்தனை மணி நேரம் ஓடியது. பெட்டி பிரித்த புது டிஸ்க்கில் மணிக்கணக்கு பூஜ்யமாகவோ அதை ஒட்டியோ இருக்கும். என்னுடையதில் 11,412 மணி. இரவு பகலாக ஓடியிருந்தால்கூட 475 நாள். கேபினெட்டைத் திறந்து டிஸ்க்கைக் கழற்றிப் பார்த்தேன். திருகு ஓட்டைகளைச் சுற்றிப் பெயின்ட் தேய்ந்து உலோகம் தெரிந்தது. கேபிள் செருகும் இடத்தில் தங்க நிறக் காண்டாக்ட்களில் பலமுறை செருகிப் பிடுங்கிய கோடுகள். மேலே ஒட்டியிருந்த வாரன்டி ஸ்டிக்கர் மட்டும்தான் புதியது.

அடுத்தது செட்டிங்ஸில் அபவுட் பக்கம். விண்டோஸ் நிறுவிய தேதி அங்கே இருக்கும். நான் கம்ப்யூட்டரைக் கொடுத்த நாளுக்கு ஏழு வாரம் முந்தைய தேதி போட்டிருந்தது. டிவைஸ் மேனேஜரில் மறைந்திருக்கும் சாதனங்களையும் காட்டச் சொன்னால், நான் எந்தக் காலத்திலும் வைத்திராத ஒரு பிரின்டரும் வைஃபை கார்டும் மங்கலாகத் தெரிந்தன. யாரோ ஒருவருடைய கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்த டிஸ்க்கை, உள்ளே இருந்த விண்டோஸோடு அப்படியே என் கேபினெட்டில் மாட்டியிருக்கிறார்கள். என் மெஷினில் விண்டோஸை அவர்கள் நிறுவவே இல்லை. அதனால்தான் பழுது இருந்தும் "ஏறிவிட்டது".

ஆக்டிவேஷன் பக்கத்தில் இன்னொன்று. உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சேவை மூலம் இயக்கப்பட்டது என்று இருந்தது. அலுவலகங்களுக்கு மொத்தமாகத் தரும் கேஎம்எஸ் முறை அது. வீட்டுக் கம்ப்யூட்டரில் அப்படி இருந்தால் பெரும்பாலும் கிராக் போட்டு, லைசன்ஸ் இல்லாமல் ஏமாற்றி இயக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். விண்டோஸின் வைரஸ் காவலான டிஃபென்டரைத் திறந்து பார்த்தால் ஒரு ஃபோல்டரைச் சோதிக்காதே என்று விலக்குப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். வைரஸ் காவலுக்குத் தெரியாமல் ஒரு புரோகிராம் என் கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருந்தது, நானும் அதிலேயே நான்கு நாள் வங்கிக் கணக்கைத் திறந்திருக்கிறேன். எனக்கு மிகவும் பயம் வந்தது இந்த இடத்தில்தான். எல்லாக் கடவுச்சொற்களையும் வேறு ஒரு கருவியிலிருந்து மாற்றினேன்.

இத்தனைக்கும் அந்தக் கிராக்குக்குத் தேவையே இல்லை. என் விண்டோஸ் 10 முறையாக வாங்கிய ஹோம் பதிப்பு. அதன் டிஜிட்டல் லைசன்ஸ் மதர்போர்டோடு பிணைந்தது. அதே போர்டில் 11-இன் ஹோம் பதிப்பை ஏற்றி இணையத்தில் இணைத்தால் அதுவாகவே ஆக்டிவேட் ஆகும். பின்னால் அப்படித்தான் ஆனது.

இனி உண்மையான பழுது. விண்டோஸ் நிறுவும் கோப்பு மிக இறுக்கமாகச் சுருக்கப்பட்டது. அதைத் துண்டு துண்டாக ரேமில் (தற்காலிக நினைவகத்தில்) வைத்து விரித்து, ஒவ்வொரு துண்டும் சரியாக இருக்கிறதா என்று சரிபார்த்துத்தான் டிஸ்க்கில் எழுதும். ரேமில் ஒரே ஒரு பிட் புரண்டால்கூடக் கணக்கு ஒத்துப்போகாது. உடனே கோப்பு சிதைந்துவிட்டது என்று சொல்லும். ஆனால் பென்டிரைவில் உள்ள கோப்பு நன்றாகத்தான் இருக்கும். சாதாரணமாகப் பாட்டு கேட்கும்போதும் தட்டச்சு செய்யும்போதும் இந்தப் பழுது வெளியே தெரியாமல் போகலாம். நிறுவும் நேரத்தில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் ஒரே சதவீதத்தில் நின்றால் பென்டிரைவையோ இறக்கிய கோப்பையோ முதலில் சந்தேகப்படுங்கள். ஒரு முறை 12, ஒரு முறை 71 என்று இடம் மாறி மாறி நின்றால் ரேமைப் பாருங்கள்.

ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ இலவசம். வேறு கம்ப்யூட்டரில் பென்டிரைவில் எழுதி, அதிலிருந்து பூட் செய்தால் விண்டோஸே இல்லாமல் ஓடும். பயாஸில் எக்ஸ்எம்பி ஆன் செய்திருந்தால் முதலில் அதை ஆஃப் செய்யுங்கள். ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டுவதாலேயே பிழை வருவதுண்டு. என்னிடம் இரண்டு 8 ஜிபி ரேம். ஒன்றைக் கழற்றி வைத்துவிட்டு மற்றதை மட்டும் மாட்டி ஓட்டினேன். இரவு முழுக்க ஓடியும் பிழை பூஜ்யம். காலையில் அதே ஸ்லாட்டில் இரண்டாவதை மாட்டினேன். ஏழாவது நிமிடம் திரையில் முதல் சிவப்பு வரி. அப்புறம் வரிசையாக இறங்கிக்கொண்டே வந்தன. ஸ்லாட் ஒன்றுதான் என்பதால் பழுது ரேமில்தான் என்பது உறுதியானது.

கெட்ட ரேமை ஒதுக்கிவிட்டு, பழைய பென்டிரைவிலேயே விண்டோஸ் 11 ஹோம் ஏற்றினேன். அரை மணி நேரத்துக்குள் நிற்காமல் முடிந்தது. ரேமுக்கு அந்த நிறுவனம் தரும் வாரன்டி இன்னும் இருந்ததால் மாற்றிக் கொடுத்தார்கள். மொத்தப் பிரச்சினையும் இவ்வளவுதான்.

ஸ்கிரீன்ஷாட்களைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு சர்வீஸ் செய்தவரிடம் போனேன். "டெஸ்டிங்ல ஓடின மணி சார் அது" என்றார். 475 நாளா சோதித்தீர்கள் என்று கேட்டதும் பேச்சு மாறியது. எஸ்எஸ்டிக்கு வாங்கிய பணத்தை மட்டும் திருப்பினார். என் பழைய எஸ்எஸ்டி எங்கே என்றால், "ஸ்கிராப்ல போயிடுச்சு". எனக்கு மாட்டிய டிஸ்க்கைப் போல அதுவும் இன்னொருவர் மெஷினில் "புதியது" என்று போயிருக்கும் என்றே நினைக்கிறேன். நிரூபிக்க என்னிடம் சீரியல் எண் இல்லை.

கொடுத்தே ஆக வேண்டும் என்றால், தரவு இருக்கும் டிஸ்க்கின் பவர் கேபிளையும் டேட்டா கேபிளையும் பிடுங்கி, டிஸ்க்கை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கொடுங்கள். வீட்டில் நீங்களே ஓஎஸ் ஏற்றினாலும் இதைச் செய்யுங்கள். டிஸ்க் 0, டிஸ்க் 1 என்று மட்டும் காட்டும் அந்தத் திரையில் தவறான வரியை அழிப்பது மிகச் சுலபம். ரேம், எஸ்எஸ்டி ஸ்டிக்கர்களை சீரியல் எண் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். திருப்பி வாங்கும்போது அங்கேயே ஆன் செய்யச் சொல்லி மணிக்கணக்கு, நிறுவிய தேதி, ஆக்டிவேஷன் மூன்றையும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பார்க்க விடவில்லை என்றால் காரணத்தைக் கேளுங்கள்.

படங்கள் போன டிஸ்க்கில் அதற்குப் பிறகு எதையும் எழுதாமல் கழற்றி வைத்தது நல்லதாகப் போயிற்று. ஹார்ட் டிஸ்க்கில் விரைவு ஃபார்மேட் பட்டியலை மட்டும்தான் அழிக்கும். மேலே புதிதாக எழுதாதவரை உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். எஸ்எஸ்டியாக இருந்திருந்தால் அழித்த இடத்தை டிஸ்க்கே துடைத்துவிடும் ட்ரிம் என்ற ஏற்பாட்டால் பெரும்பாலும் அதுவும் கிடைத்திருக்காது. ஃபோட்டோரெக் மென்பொருளை ஓட்டி, மீட்டதையெல்லாம் வேறொரு டிஸ்க்கில் சேமித்தேன். ஒரு இரவும் மறுநாள் பாதியும் ஓடியது. பெரும்பாலான படங்கள் வந்துவிட்டன. ஆனால் பெயர் இல்லை, ஃபோல்டர் இல்லை; எல்லாவற்றுக்கும் ஒரு எழுத்தும் பின்னால் நீண்ட எண்ணும்தான் பெயர். எந்த வருடம், யார் வீட்டு நிகழ்ச்சி என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அப்பா பேசிய ஒலிப்பதிவு மூன்று அதில் இருந்தது. இரண்டு முழுதாகக் கிடைத்தன. மூன்றாவது நாற்பது நொடி ஓடி, ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றுவிடுகிறது.