வீடு மதிப்பீட்டாளர் சேவை: ஒரே வீட்டுக்கு எங்கள் வீட்டில் மூன்று கணக்கு

வீட்டைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே எங்களுக்குள் வாக்குவாதம். "கட்டடம் வருஷா வருஷம் தேயும், மண்ணு தேயாதுடா" என்று அப்பா மனையைத்தான் பார்த்தார். அண்ணனுக்கு மாத வாடகை எவ்வளவு தேறும் என்பதுதான் பேச்சு. என் மனைவி சமையலறை ஜன்னலில் காலை வெயில் விழுந்த இடத்தை விட்டு நகரவே இல்லை. அதனால்தான் தனியாக ஒரு மதிப்பீட்டாளரை அமர்த்தினோம்.

விற்பவர் கேட்கும் விலையைச் சொல்ல வாயெடுத்தேன். "இப்ப வேண்டாம் சார், பார்த்து முடிச்சப்புறம் சொல்லுங்க" என்று தடுத்துவிட்டார். 1987-ல் நார்த்கிராஃப்ட், நீல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ஒரே வீட்டுக்கு வெவ்வேறு விலையைக் காட்டிச் சோதித்தார்களாம். தொழில்முறைத் தரகர்கள் போட்ட மதிப்பும் காட்டிய விலையின் பக்கமே சாய்ந்ததாம். அந்த இடத்திலேயே எனக்கு அவர்மேல் நம்பிக்கை வந்துவிட்டது.

படுக்கையறையில் அலமாரியை நகர்த்தச் சொன்னார். பின்னால் புது பெயிண்ட். ஈரப்பத மீட்டரின் இரண்டு ஊசிகளையும் சுவரில் அழுத்தினார். முழங்கால் உயரம் வரை மீட்டர் கத்தியது, இடுப்பு உயரத்தில் சத்தமே இல்லை. ஈரம் தரையிலிருந்து ஏறுகிறது. நாங்கள் மூன்று முறை போயும் அந்தச் சுவரைத் தொட்டுப் பார்க்கவில்லை.

அறிக்கையில் எல்லார் கணக்கும் இருந்தது. அப்பாவுக்கு, நில விலையோடு கட்டுமானச் செலவைக் கூட்டித் தேய்மானத்தைக் கழித்த கணக்கு. அண்ணனுக்கு வாடகைக் கணக்கு: செலவு போக 5 சதவீதம் கிடைத்தால் போதும் என்றால் வீட்டின் மதிப்பு ஆண்டு வருமானத்தைப் போல 20 மடங்கு, 4 சதவீதமே போதும் என்றால் 25 மடங்கு. ஒரு சதவீதத்துக்கு இவ்வளவு வித்தியாசமா என்று அண்ணன் தானே ஒருமுறை போட்டுப் பார்த்தான். அக்கம்பக்கத்தில் அண்மையில் விற்ற வீடுகளோடு ஒப்பிட்டதில் வெளிச்சத்துக்குக் கொஞ்சம்தான் கூடியது. "மேடத்துக்கு அது அதைவிடப் பெருசா இருக்கலாம், ஆனா அது சந்தை மதிப்பு இல்ல" என்றார்.

குறையும் உண்டு. மூன்று நாளில் தருவதாகச் சொன்ன அறிக்கை ஏழாம் நாள்தான் வந்தது. மொட்டை மாடிக்கு ஏறிப் பார்க்கவில்லை, நான்தான் வற்புறுத்தி இன்னொரு நாள் வரவழைத்தேன். 5-க்கு 4.

ஈரத்தைச் சரிசெய்யும் செலவைக் கழித்துப் பேசி முடித்தோம். ஆனாலும் ஒப்பிட்டு வந்த தொகையைவிடக் கொஞ்சம் கூடத்தான் கொடுத்தோம், சமையலறை வெயிலுக்காக, தெரிந்தே.