பெயிண்ட் உரித்த மாடல் கார் பாகங்களும் ஒரு சிறிய அல்ட்ராசானிக் கிளீனரும்

மூக்குக்கண்ணாடியும் நகையும் துலக்குவதற்கென்று விற்கப்படும், 600 மில்லிலிட்டர் கொள்ளும் அல்ட்ராசானிக் கிளீனர் ஒன்றை வாங்கி எட்டு மாதங்கள் ஆகின்றன. தாமியா நிறுவனத்தின் 1/24 அளவிலான 1966 ஃபோக்ஸ்வேகன் பீட்டில் மாடலைப் பல ஆண்டுகளுக்கு முன்பு தடிமனாக பெயிண்ட் அடித்துக் கெடுத்திருந்தேன். அந்தப் பெயிண்டை உரித்துவிட்டு மறுபடியும் அடிப்பதற்கு முன், பாகங்களைக் கழுவுவதற்காகவே இதை வாங்கினேன்.

ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஊறவைத்து உரித்த பாகம் கண்ணுக்குச் சுத்தமாகவே தெரியும். ஆனால் கரைந்த பெயிண்ட், ஆல்கஹால் ஆவியானதும் கதவுக் கோடுகளிலும் மூலைகளிலும் மெல்லிய படலமாகத் திரும்பவும் படிந்துவிடுகிறது. அதனுடன் நம் விரல்களின் எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்துகொள்ள, பெயிண்டுக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் அங்கங்கே பிடிக்காமல் விலகுகிறது. பிரேக் ஆயிலில் ஊறவைப்பவர்களுக்கு இந்தக் கழுவல் இன்னும் அவசியம். அந்த வழுவழுப்பு முழுவதும் போக வேண்டும்.

கருவி நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்ந்து நீரில் நுண்குமிழிகளை உண்டாக்குகிறது; அவை பாகத்தின் மேற்பரப்பை ஒட்டி உடையும்போது அழுக்கு பெயர்ந்து வருகிறது. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் துலக்கும் திரவத்தைச் சில சொட்டுகள் விட்டு, சக்கரங்களையும் ஸ்டீயரிங்கையும் இருக்கைகளையும் போட்டு 180 நொடிகள் ஓட விட்டேன். டூத் பிரஷ்ஷின் முனை நுழையாத சக்கரத் துளைகளிலிருந்து சாம்பல் நிறக் கலங்கல் புகைபோல் கிளம்பியது. இந்த ஒரு காட்சிக்காகவே கொடுத்த பணம் தகும் என்று அன்று தோன்றியது.

அந்த உற்சாகம் பம்பரில் அடங்கியது. முலாம் பூசிய பம்பரையும், சக்கரத்தின் நடுவை மூடும் ஹப்கேப்களையும் துணி வெளுக்கும் பிளீச்சில் இட்டு அலுமினியப் பூச்சைக் கரைத்த பின்னும், அதனடியில் இருந்த மஞ்சள் வார்னிஷ் அப்படியே நின்றது. கருவி அதை அசைக்கவே இல்லை. பிளீச் துளியும் மிஞ்சாதபடி பலமுறை அலசிய பிறகே ஆல்கஹாலைத் தொட வேண்டும், ஏனெனில் இரண்டும் கலந்தால் நச்சுப் பொருள்கள் உண்டாகும். அதன் பின்னர் ஆல்கஹாலில் ஊறவைத்துக் கையால் தேய்த்துத்தான் வார்னிஷை எடுத்தேன். ஆகவே இது கழுவும் கருவியே தவிர உரிக்கும் கருவியன்று. ஆல்கஹாலை நேரடியாகத் தொட்டியில் ஊற்றி வேலையைச் சுருக்கலாம் என்று யாரும் எண்ண வேண்டாம். அதன் ஆவி தீப்பற்றக்கூடியது.

மிகப் பெரிய குறை தொட்டியின் நீளம். அசல் பீட்டில் சுமார் 4.07 மீட்டர் நீளமுடையது என்பதால் 1/24 அளவில் ஏறத்தாழ 17 சென்டிமீட்டர் வருகிறது. தொட்டியோ பதினைந்தரை சென்டிமீட்டர்தான். வாங்கும் முன் இந்த வகுத்தல் கணக்கைப் போடாதது என் தவறு. உடற்கூட்டைச் சாய்த்து வைத்துப் பாதிப் பாதியாகக் கழுவிப் பார்த்தேன், திருப்தியில்லை. மேலும், இடைவெளியின்றி ஐந்து முறை ஓட்டியதில் நீர் நன்றாகவே சூடேறியது. பாலிஸ்டைரின் என்ற பிளாஸ்டிக்கால் ஆன மெல்லிய பாகங்கள் வளைந்துவிடலாம் என்பதால் இப்போது ஒவ்வொரு முறையும் ஆறவிட்டே ஓட்டுகிறேன்.

எங்கள் வீட்டு ஆழ்துளைக் கிணற்று நீர் உலர்ந்ததும் வெள்ளைப் புள்ளிகளை விட்டுச் செல்வதால், கடைசி அலசலுக்கு இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரைப் பயன்படுத்துகிறேன். அந்நேரம் நீர் முத்து முத்தாகத் திரளாமல் பாகத்தின் மேல் ஒரே படலமாகப் பரவினால் எண்ணெய்ப் பிசுக்கு போய்விட்டது என்று கொள்ளலாம். திரண்டு நிற்குமானால் அந்தப் பாகம் மறுபடியும் தொட்டிக்குப் போகிறது.

சிறு பாகங்கள் நிறைந்த மாடல்களை அடிக்கடி மீட்பவர்களுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆண்டுக்கு ஒரு கார் செய்பவருக்கு ஒரு பழைய டூத் பிரஷ்ஷும் பொறுமையும் போதும். என் பீட்டிலின் உடற்கூட்டை முடிவில் பிளாஸ்டிக் வாளியில் வைத்து அப்படித்தான் தேய்த்தேன். பிரைமர் எங்கும் விலகவில்லை.