ஸ்கோர் தாளா, பிளஸ் மைனஸா, பந்துக் கணக்கா?

கோலாலம்பூரில் ஒரு தனியார் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணிக்கு மேனேஜர் என்றால் தண்ணீர் போத்தல், வேன் ஏற்பாடு, வகுப்புக்கு விடுப்புக் கடிதம் எல்லாம் நம் தலையில்தான். கோச் பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு எழுதுவதும் அதில் சேர்த்தி. யாரை முதல் ஐவரில் இறக்குவது, யாரைப் பெஞ்சில் வைப்பது என்று முடிவெடுக்க எந்தக் கணக்கு உதவும்? ஸ்கோர் தாள், பிளஸ் மைனஸ், பந்துக் கணக்கு என்ற மூன்று வழியையும் பார்த்துவிட்டு இந்த சீசனுக்குப் பந்துக் கணக்கை எடுத்திருக்கிறோம். அதனால் நடுநிலை என்னிடம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஸ்கோர் தாள் எல்லாரும் அறிந்தது. புள்ளி, ரீபவுண்ட் (தவறிய ஷாட்டின் பந்தைப் பிடிப்பது), அசிஸ்ட் (கூடை விழ உதவிய பாஸ்), ஸ்டீல் (எதிராளியிடமிருந்து பந்தைப் பறிப்பது), பிளாக் (ஷாட்டைத் தட்டித் தடுப்பது) எல்லாவற்றையும் கூட்டி, தவறிய ஷாட், தவறிய ஃப்ரீ த்ரோ, டர்னோவர் (ஷாட் எறியாமலே பந்தைப் பறிகொடுப்பது) மூன்றையும் கழித்தால் 'எஃபிஷியன்சி' வந்துவிடும். கோளாறு எங்கே என்றால், ஒருத்தி இரண்டு புள்ளி ஷாட் 12 எறிகிறாள், 5 விழுகிறது என்று வையுங்கள். 10 புள்ளி, 7 தவறு, ஆக பிளஸ் 3. அதே கணக்கில் 24 எறிந்தால் பிளஸ் 6. மூன்றில் ஒன்றுக்குக் கொஞ்சம் மேலே விழுந்தாலே போதும், எறிய எறிய மதிப்பு ஏறும். 12 பந்தைச் செலவழித்து அணிக்குக் கிடைத்தது 10 புள்ளிதான் என்பதை அந்த எண் சொல்லாது. ஆட்டம் முடிந்ததும் "டீச்சர், எனக்கு எத்தனை பாயிண்ட்?" என்று ஓடி வருகிற பிள்ளைகளுக்கு மட்டும் இது ரொம்பப் பிடிக்கும்.

பிளஸ் மைனஸ் எழுதச் சுலபம். ஆள் மாறும்போதெல்லாம் ஸ்கோரைக் குறித்தால் போதும். அவள் உள்ளே இருந்தபோது அணி ஏறியதா இறங்கியதா என்று தெரிந்துவிடும். ஆனால் கல்லூரிப் போட்டிகளில் ஒரு கை பார்க்கும் அணியும் வரும், ஆறு பேரோடு தட்டுத் தடுமாறி வரும் அணியும் வரும். இரண்டாவது வகை அணியிடம் கடைசிக் குவாட்டரில் இறங்கியவளுக்கு ஒரே நாளில் பிளஸ் 20 விழும். முடிவை மாற்றும் ஆட்டத்தில் பலமான ஐவரை எதிர்த்து நின்றவளுக்கோ மைனஸ். ஆட்டங்கள் நிறைய இருந்தால் இது சமனாகும். எங்கள் சீசனோ தொடங்கியதும் இறுதித் தேர்வு வந்து நிற்கும்.

பந்துக் கணக்கில் புள்ளியே கிடையாது. ஒருத்தி அணிக்கு எத்தனை பந்து கொண்டுவந்தாள், எத்தனை பறிகொடுத்தாள், அவ்வளவுதான். எதிரணிக் கூடையடியில் கிடைத்த ரீபவுண்ட், ஸ்டீல், விரல் பட்டுத் திசை மாறி நம் கைக்கு வந்த எதிரணி பாஸ், மோதலைத் தாங்கி வாங்கிய ஃபவுல் எல்லாம் நீலக் கோடு. டர்னோவர் சிவப்புக் கோடு. திசை மாறிய பந்துகளை எண்ணுவது புதிதல்ல. அமெரிக்கக் கோச் ரிக் பிட்டினோ ஓர் ஆட்டத்துக்கு 35 என்று இலக்கே வைத்திருந்தவர்.

எங்கள் மட்டத்துக்கு இது ஏன் பொருந்துகிறது? 2017-இல் இதே கோலாலம்பூரில் சீ (தென்கிழக்காசிய) விளையாட்டுத் தங்கம் வென்ற மலேசியப் பெண்கள் அணியின் தரம் வேறு. எங்கள் பிள்ளைகளில் பலர் இடைநிலைப் பள்ளியில் வலைப்பந்து ஆடி வந்தவர்கள். பந்தைப் பிடித்ததும் கால் தானாக நின்றுவிடும்; பாஸ் அழகாக இருக்கும், பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே ஓடச் சொன்னால் பந்து போய்விடும். தவறிய ஷாட்டையாவது நம் பிள்ளையே பிடிக்க வாய்ப்புண்டு. நடுக்கோர்ட்டில் பறிகொடுத்த பந்து நேரே எதிரணியின் லே-அப், அதாவது கூடையடிக்கே ஓடிவந்து போடும் சுலபமான ஷாட். ஸ்கோர் தாள் இரண்டுக்கும் ஒரே மைனஸ் 1 போடுகிறது.

இன்னொன்று பாக்ஸ் அவுட், அதாவது ரீபவுண்டுக்கு வரும் எதிராளியை முதுகால் மறித்து நிற்பது. எங்கள் ஃபார்வர்ட் ஒருத்தி, ஷாட் கிளம்பியதும் பந்தைப் பார்க்கவே மாட்டாள். முதலில் முழங்கையால் எதிராளியைத் தேடுவாள், முதுகைக் கொடுத்து இடுப்பைத் தாழ்த்தி அப்படியே நிற்பாள். பந்து பக்கத்தில் இருப்பவள் கையில் விழும்; ரீபவுண்டும் அவள் பெயரில் ஏறும். எங்கள் நோட்டில் முதுகு கொடுத்தவளுக்கும் ஒரு நீலக் கோடு உண்டு. அந்தப் பிள்ளை இன்று முதல் ஐவரில் இருப்பது அந்தக் கோடுகளால்தான்.

பெரிய மேடையிலும் இதைப் பார்த்தோம். 2024 அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் இறுதி ஆட்டத்தில் ஐயோவாவின் கேட்லின் கிளார்க் 30 புள்ளி எடுத்தார். வென்றது சவுத் கரோலினா, 87-75. ரீபவுண்ட் 51-க்கு 29. கமிலா கர்டோசோ ஒருவரே 17 ரீபவுண்ட். அதற்காக கிளார்க்கின் மதிப்பைக் குறைத்துச் சொல்ல நான் யார்! அப்படி ஒரு ஷூட்டர் எங்களுக்குக் கிடைத்தால் நோட்டை மூடி வைத்துவிடுவேன்.

குறையும் இருக்கிறது. எழுதுகிற கைக்குப் பிடித்த பிள்ளைக்குக் கூடுதலாக ஒரு கோடு விழலாம், அதனால் இரண்டு பேர் தனித்தனியாக எழுதி ஒப்பிடுகிறோம். உயரமான சென்டர் எங்களிடம் இல்லை. அப்படி ஒருத்தியை இந்தக் கணக்கு சரியாக எடைபோடுமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பொதுப் பல்கலைக்கழகங்கள் மோதும் மாசும் போட்டி மட்டத்தில் டர்னோவர் குறையும், அங்கே ஷூட்டிங்தான் முந்தும் என்று நினைக்கிறேன். நான் அங்கே நோட்டு பிடித்ததில்லை.

பிளஸ் மைனஸை முழுக்கக் கைவிடவில்லை. பத்துப் புள்ளி வித்தியாசத்துக்குள் நிற்கும் ஆட்டத்தின் நான்காவது குவாட்டருக்கு மட்டும் கோச் கேட்கிறார், பின்னட்டையில் குறித்துக் கொடுக்கிறேன்.